சி.என்.சி. மெஷின் தானாக ஓடுகிறது என்றால் ஆளுக்கு அதில் என்ன வேலை?

காட்பாடியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் எண்களைப் படித்து இரும்பு வெட்டும் மெஷினில், ஆபரேட்டர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், பட்டனை அமுக்கிவிட்டு நிற்க வேண்டியதுதான் என்கிறார்கள். அந்த மெஷின் உண்மையில் எப்படி வேலை செய்கிறது? இதில் என் மகன் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை வீணா?" இதுதான் கேள்வி.

பட்டனை அமுக்கிவிட்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மெஷினில் ஒரு செட்டர் இருப்பார். வெட்டும் டூலை மாற்றினாலும், புது ஜாப் (வெட்ட வேண்டிய பொருள்) வந்தாலும், அளவு எல்லை தாண்டி ஓடினாலும் அவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இருவரும் நிற்பது ஒரே மாதிரி மெஷின் முன்னால்தான். வித்தியாசம் எங்கே வருகிறது என்று புரிய, அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்க்க வேண்டும்.

பழைய லேத்தில் கடைசல் பிடிப்பவரை வாலாஜாவிலோ காட்பாடியிலோ பார்த்திருப்பீர்கள். ஒரு கை குறுக்கு நகர்வுக்கு, ஒரு கை நீள நகர்வுக்கு. கண் டயலில் இருக்கும், காது சத்தத்தில் இருக்கும். நேர்க்கோடு என்றால் சிரமமில்லை. வளைவு என்றால் இரண்டு ஹேண்டிலையும் ஒரே நேரத்தில், வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். இந்தச் சிக்கலில்தான் முழுக் கதையும் தொடங்கியது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரியாக வெட்ட, அதைப் பல புள்ளிகளாகக் கணக்கிட்டு ஒரு பட்டியல் போட்டார்கள். ஒருவர் எண்களை உரக்க வாசிக்க, ஒருவர் எக்ஸ் ஹேண்டிலையும் இன்னொருவர் ஒய் ஹேண்டிலையும் சுற்றுவது என்பது ஏற்பாடு. அந்த மூன்று பேருக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டையும் மோட்டாரும் வைத்தால் என்ன என்பதுதான் யோசனை. 1949-ல் விமானப்படை காசு கொடுத்தது. 1952-ல் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஒரு மில்லிங் மெஷின் தானாக ஓடிக்காட்டியது. ஜப்பானில் ஃபுஜிட்சு 1956-ல் இதில் இறங்கியது. அதிலிருந்து 1972-ல் பிரிந்த ஃபானக்கின் கன்ட்ரோல் பெட்டியைத்தான் இன்று நம் ஊர் ஷாப்களில் பாதிக்கு மேல் பார்க்கிறோம் என்பது என் கணிப்பு. எழுபதுகளில் நாடா போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இன்றும் உள்ளே நடப்பது அந்த மூன்று பேர் வேலைதான்: ஒருவர் எண்ணை வாசிக்கிறார், மற்றவர்கள் ஹேண்டிலைச் சுற்றுகிறார்கள்.

வாசிப்பது கன்ட்ரோல், சுற்றுவது சர்வோ மோட்டார். மோட்டார் ஒரு பால் ஸ்க்ரூவைத் திருப்புகிறது. உள்ளே இரும்புக் குண்டுகள் உருள்வதால் சாதாரண மரையில் இருக்கும் ஆட்டம் இதில் இருக்காது. ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் ஸ்க்ரூ என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் பின்னால் இருக்கும் என்கோடர் ஒரு சுற்றைப் பத்தாயிரமாகப் பிரித்து எண்ணினால், ஒரு எண்ணிக்கை என்பது ஒரு மைக்ரான், அதாவது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது வரும் என்கோடர்கள் இதைவிட நுணுக்கமாகவே எண்ணுகின்றன. போகச் சொன்ன இடம் எது, போய்ச் சேர்ந்த இடம் எது என்று கன்ட்ரோல் விநாடிக்குப் பல நூறு தடவைக்கு மேல் ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். இரண்டு மோட்டாரையும் சரியான விகிதத்தில் ஓட்டினால் சாய்வு கிடைக்கும், விகிதத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றினால் வட்டம் கிடைக்கும்.

இங்கே ஒன்றை உற்றுக் கவனியுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அந்த எண்ணிக்கை நடப்பது மோட்டாரின் முதுகில். டூலின் முனையில் இல்லை. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பது கம்ப்யூட்டருக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். டூல் முனை எங்கே இருக்கிறது, ஜாப் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது, முனை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இரும்பு எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. நாம் சொன்னால்தான் உண்டு. உங்கள் மகன் கற்றுக்கொள்ள வேண்டியது முழுக்க இந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

புரோகிராம் எழுதுவது பெரிய வித்தை என்று பலர் பயமுறுத்துவார்கள். எளிய உதாரணம் ஒன்று பார்ப்போம். 55 மி.மீ. ராடைப் பிடித்து, 30 மி.மீ. நீளத்துக்கு 50 மி.மீ. டயாவாகக் கடைய வேண்டும். ரஃப் முடிந்துவிட்டது, ஃபினிஷ் மட்டும் பாக்கி.

டி0101
ஜி50 எஸ்2500
ஜி96 எஸ்200 எம்03
ஜி00 எக்ஸ்50.0 இசட்2.0 எம்08
ஜி01 இசட்-30.0 எஃப்0.2

முதல் வரி: ஒன்றாம் நம்பர் டூலை எடு, அதன் ஆஃப்செட்டையும் எடு. இரண்டாவது வரியைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது: வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டராக இருக்கும்படி, ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கைச் சுற்று. நான்காவது: வேகமாக ஜாப் அருகே போ, கூலன்ட்டைத் திற. கடைசி வரி: ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. வீதம் வெட்டிக்கொண்டே இசட் திசையில் 30 மி.மீ. உள்ளே போ. அவ்வளவுதான். 50 மி.மீ. டயாவில் 200 மீட்டர் வேகம் என்றால் சக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,273 சுற்று. அந்த வெட்டு ஏழரை விநாடியில் முடிந்துவிடும்.

இதே ஐந்து வரியில் ஆளைக் கொல்லக்கூடிய விஷயமும் இருக்கிறது. ஜி96 போட்டால் வெட்டும் வேகம் மாறாமல் இருக்க, டயா குறையக் குறைய சுற்று கூடிக்கொண்டே போகும். 50-ல் 1,273 என்றால் 20-ல் 3,183. முகத்தை ஃபேஸிங் (தட்டையாகச் சீவுவது) செய்துகொண்டே நடுப்புள்ளிக்குப் போனால் டயா பூஜ்யம், கணக்குப்படி சுற்றுக்கு எல்லையே கிடையாது. மெஷின் தன்னால் முடிந்த உச்சத்துக்கு ஏறும். சக்கின் பிடிதாடைகளான ஜாக்கள் சுற்றும் வேகத்தில் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும், பிடி தளரும். அதற்குத்தான் இரண்டாவது வரி: என்ன ஆனாலும் 2,500-ஐத் தாண்டாதே. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, கனமான கோணல் காஸ்டிங்கை (வார்ப்பை)ப் பிடித்து ஓட்டினால் அது கதவை உடைத்துக்கொண்டு வரும். புது ஆளை நான் எடைபோட வேண்டும் என்றால் முதலில் கேட்பது இதைத்தான்.

புள்ளியும் அப்படி ஒரு சங்கதி. பல ஃபானக் மெஷின்களில் எக்ஸ்50 என்று புள்ளி இல்லாமல் அடித்தால், அது 50 மி.மீ. இல்லை, 50 மைக்ரான். டூல் நேராக நடுவுக்குப் பாயும். பாராமீட்டரை (கன்ட்ரோலின் உள் அமைப்பை) மாற்றி வைத்திருக்கும் மெஷினில் இந்தத் தொல்லை இருக்காது. அதனால்தான் ஒரு ஷாப்பில் பழகியவர் அடுத்த ஷாப்புக்குப் போனதும் தடுமாறுவார். புது புரோகிராமை சிங்கிள் பிளாக்கில் (ஒரு வரி முடிந்ததும் நிற்கும்படி) போட்டு, ரேபிட்டை (ஜி00-ன் வேக நகர்வை)க் குறைத்து, ஒவ்வொரு வரியாக, மிச்ச தூரம் எவ்வளவு என்று திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது கோழைத்தனம் இல்லை. அனுபவசாலிகள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சரி, இப்போது ஆஃப்செட். வேலையின் உயிர் இங்கேதான்.

மெஷினுக்கென்று ஒரு பூஜ்யப் புள்ளி உண்டு. அது மெஷினின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். வரைபடத்துக்கும் ஒரு பூஜ்யம் உண்டு. கடைசலில் அது பொதுவாக ஜாப்பின் முகமும் மையக்கோடும் சேருமிடம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கன்ட்ரோலுக்குச் சொல்வது வொர்க் ஆஃப்செட், ஜி54 என்று போடுவது. டர்ரெட்டில் (டூல்களைத் தாங்கும் சுழல் தலையில்) மாட்டியிருக்கும் ஒவ்வொரு டூலும் வெவ்வேறு நீளத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சொல்வது டூல் ஆஃப்செட். செட்டர் டூலை ஜாப்பில் லேசாகத் தொட வைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவை உள்ளே ஏற்றுவார். விலை உயர்ந்த மெஷின்களில் இதற்குத் தானியங்கித் தொடுகருவி உண்டு. நம் பக்கத்து ஜாப் வொர்க் ஷாப்களில் பெரும்பாலும் கையும் மைக்ரோமீட்டரும்தான்.

அப்புறம் தேய்மானம். டூல் என்று நாம் சொல்வது எஃகுப் பிடியில் திருகியிருக்கும் சின்ன கார்பைடு வில்லை, இன்சர்ட். பெட்டியில் சி.என்.எம்.ஜி. 120408 என்று எழுதியிருக்கும். கடைசி 08 என்றால் மூக்கின் ஆரம் 0.8 மி.மீ. வெட்ட வெட்ட மூக்கு தேயும், தேய்ந்தால் டயா கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். வரைபடத்தில் 50 எச்7 (சின்ன எழுத்து h, தண்டுக்கான குறி) என்று போட்டிருந்தால் அளவு 49.975-க்கும் 50.000-க்கும் இடையில் இருக்க வேண்டும். நடுவில் 49.988-ஐக் குறிவைப்பது நல்லது. இப்போது வெளியே வந்த பீஸ் 50.012 காட்டுகிறது. தேய்மானத்துக்கென்று இருக்கும் வேர் (wear) ஆஃப்செட்டில் எக்ஸ் கட்டத்தில் மைனஸ் 0.024 ஏற்றினால் அடுத்த பீஸ் சரியாக வரும். புரோகிராமைத் தொடவே தேவையில்லை. இதை நாள் முழுக்க, எந்தப் பீஸில் திருத்துவது, எதில் பொறுத்துப் பார்ப்பது என்று தெரிந்து செய்பவர்தான் நல்ல ஆபரேட்டர். ஒவ்வொரு பீஸுக்கும் ஒவ்வொரு மைக்ரானாகத் துரத்துபவரின் ஷிப்டில் ரிஜெக்‌ஷன் கூடும். அளவு இயல்பாகவே கொஞ்சம் அப்படி இப்படி ஆடும், அந்த ஆட்டத்தைத் துரத்தினால் ஆட்டம் இன்னும் கூடும்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் தகரக் கூரை ஷாப்பில் அந்த எண்ணை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். ஜாப்பும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு, இரண்டும் ஒரே 38 டிகிரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரிந்திருக்கும், பெரிய கவலை இல்லை. ஆபத்து வருவது இரண்டும் வேறு வேறு சூட்டில் இருக்கும்போது. சக்கிலிருந்து அப்போதுதான் கழற்றிய பீஸ் மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், 50 மி.மீ. டயாவில் 11 அல்லது 12 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சூட்டில் 49.985 என்று பார்த்து ஓகே என்று வைத்த பீஸ், ஆறியபின் 49.974-க்குக் கீழே போய்விடும். கீழ் எல்லை 49.975. மாலையில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் அந்தத் தட்டு முழுக்கச் சிவப்பு பெயின்ட். ஆபரேட்டர் மைக்ரோமீட்டரைக் காட்டிச் சத்தியம் செய்வார், இன்ஸ்பெக்டர் அவர் மைக்ரோமீட்டரைக் காட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அலுமினியம் இன்னும் மோசம், எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும். அங்கே ஜாப்பும் கருவியும் ஒரே சூட்டில் இருந்தாலும் வித்தியாசம் நிற்கும். 40 டிகிரியில் 100 மி.மீ. அலுமினியத்தை எஃகுக் கருவியால் அளந்தால் 23 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். மெஷினும் சும்மா இருக்காது. காலையில் குளிர்ந்திருந்த பால் ஸ்க்ரூ ஒரு மணி நேர ஓட்டத்தில் நீளும். அதனால்தான் காலை ஷிப்டில் முதல் சில பீஸ்களை நம்பாதே, சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் ஆரம்பி என்பார்கள். எலெக்ட்ரிக்கல் பேனலுக்கு மட்டும் சின்ன ஏ.சி. வைத்து, ஆளுக்கு ஃபேன்கூட வைக்காத முதலாளிகளும் உண்டு. மெஷின் சூடானால் அலாரம் அடித்து நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டான் என்ற தைரியம்.

அடுத்து மேற்பரப்பு. கடைந்த பீஸைக் கண்ணருகே வைத்துச் சாய்த்துப் பார்த்தால், ஏர் ஓட்டிய நிலத்தில் சால் விழுந்திருப்பதுபோல மெல்லிய வரிகள் தெரியும். சாலின் ஆழம் எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) ஃபீடால் பெருக்கி, மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 0.2 ஃபீட், 0.8 ஆரம் என்றால் ஆறேகால் மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் ஒன்றரை மைக்ரான் சொச்சம். ஃபீடைப் பாதியாக்கினால் கரடுமுரடு கால்வாசியாகிறது, ஆனால் நேரம் இரட்டிப்பாகிறது. ஃபினிஷ் போதவில்லை என்று கஸ்டமர் திருப்பி அனுப்பியதும் எல்லோரும் உடனே ஃபீடில் கை வைப்பார்கள். மூக்கு ஆரம் 1.2 உள்ள இன்சர்ட்டை மாற்றிப் பார்த்தால் நேரம் வீணாகாமல் அதே வேலை நடக்கலாம். ஜாப் ஒல்லியாக இருந்தால் மட்டும் பெரிய மூக்கு அதிர்வைக் கிளப்பும், கவனம்.

இதே கணக்கு ஆம்பூர், வாணியம்பாடி ஷூ உலகத்துக்கும் பொருந்துகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். தோல் வெட்டுவதும் தைப்பதும் வெளியே தெரிகிற வேலை. பின்னால் ஒரு சி.என்.சி. உலகம் இருக்கிறது. ஷூவுக்கு உருவம் கொடுக்கும் லாஸ்ட் கட்டைகளும், சோல் வார்க்கும் அலுமினிய மோல்டுகளும் இப்போது கம்ப்யூட்டர் மெஷினில்தான் பெரும்பாலும் வெட்டப்படுகின்றன. சோலின் அடியில் இருக்கும் பள்ளம் மேடு, வளைவு, கம்பெனி எழுத்து எல்லாம் உள்ள மோல்டுக்கு ஐந்து வரி புரோகிராம் போதாது. லட்சக்கணக்கான வரி வரும், அதைக் கையால் எழுத முடியாது. டிசைனர் முப்பரிமாண வரைபடம் போடுவார், கேம் (CAM) என்ற மென்பொருள் அதிலிருந்து டூல் போகும் பாதையைக் கணக்கிட்டு எழுதித்தரும். உருண்டை முனை கட்டர் பக்கம் பக்கமாக நகர்ந்து வெட்டும். இரண்டு வரிக்கு நடுவில் மிஞ்சும் மேட்டுக்கும் அதே சூத்திரம்தான்: 6 மி.மீ. கட்டரில் வரிக்கு வரி 0.5 மி.மீ. விட்டால் மேடு 10 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல், 0.2 விட்டால் ஒன்றரை மைக்ரான் சொச்சம். ஆனால் 0.2 விட்டால் மெஷின் இரண்டரை மடங்கு நேரம் ஓடும். எங்கே வழவழப்பு தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்து விடுபவர்தான் காசு பார்க்கிறார். மென்பொருள் அதைச் சொல்லாது. சோலின் அடிப்பக்கம் தார் ரோட்டில் தேயப்போகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

நாலு அச்சு, ஐந்து அச்சு மெஷின் பற்றியும் கேட்பீர்கள். ஜாப்பை ஒரே பிடியில் பல பக்கமும் வெட்டலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கொஞ்சம் பிழை சேரும், அது குறையும். மூன்று அச்சில் கை நன்றாகப் படியாமல் அதற்குத் தாவுவதில் அர்த்தமில்லை. ரோபோ ஜாப் மாட்டும் லைன்களும் நெடுஞ்சாலை ஓரம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், மாட்டிக் கழற்றும் வேலை மட்டும் தெரிந்தவருடைய இடத்தைத்தான் அது எடுக்கும்.

ஆக தம்பி போகலாமா? போகலாம், போய் முதல் ஆறு மாதம் பட்டன் அமுக்குவதிலும் வெட்கமில்லை. அதற்குள் மைக்ரோமீட்டர், போர் டயல் (துளை அளக்க), ஸ்னாப் கேஜ் (தண்டைச் சரிபார்க்க) என்ற மூன்று அளவுகருவியும் கைக்குப் படிய வேண்டும். வரைபடத்தில் எச்7, எச்6, ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) குறி எல்லாம் படிக்க வர வேண்டும். பத்தாம் வகுப்பு சைன், டேன் மறந்திருந்தால் தூசி தட்டட்டும், டேப்பர் (சாய்வாகக் கடைவது) வந்ததும் தேவைப்படும். சாஃப்ட் ஜா போரிங் (சக்கின் மென்மையான ஜாக்களை ஜாப்புக்கு ஏற்றபடி கடைவது) செய்யும்போது செட்டர் பக்கத்தில் நிற்கட்டும், அவர் திட்டினாலும் நிற்கட்டும். பெல் கம்பெனிக்கு ஜாப் செய்யும் சின்ன ஷாப் கிடைத்தால் அதையும் யோசியுங்கள். பெரிய கம்பெனியில் ஒரே பீஸை வருடக்கணக்கில் ஓட்டுவான். சின்ன ஷாப்பில் சம்பளம் குறைவாக இருக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒரு புது ஜாப் வரும், செட்டிங் தானாகவே கைக்கு வரும்.

சேருவதற்கு முன் கோர்ஸ் படிக்கட்டுமா என்றும் யோசிப்பீர்கள். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒரே மாதத்தில் சி.என்.சி. புரோகிராமர் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சிலர் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். சிலர் கம்ப்யூட்டர் திரையில் சிமுலேஷன் மட்டும் காட்டிச் சான்றிதழ் தருகிறார்கள். திரையில் டூல் உடையாது, ஜாப் சூடாகாது. பணம் கட்டும் முன் உள்ளே போய் மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். கதவைத் திறந்து அடியில் இருக்கும் சிப் தட்டைப் பாருங்கள். நீலமும் பழுப்புமாக எஃகுச் சுருள் கிடந்தால் அங்கே நிஜமாக இரும்பு வெட்டுகிறார்கள். தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தாலோ, மெழுகுத் தூள் மட்டும் கிடந்தாலோ, அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்கிக்கொடுத்து நேராக வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.